ஏழரைக் கட்டித் தண்ணீர்

நான் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்த அலுவலகம் ஒரு நினைவு மலர் போடுகிறது. கடைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகம் அது. பழைய ஆட்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். போன வாரம் அதில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தார் சுமதி. இப்போது அங்கே சோதனையாளராக இருக்கும் பெண். நல்ல பெண். செய்தியைச் சொல்ல மனமில்லாமல் தேநீரை ஆற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், ஜப்பான் காலத்துப் பகுதிய மட்டும் எடுத்துடச் சொல்றாங்க. அப்ப ஆபீசே கிடையாதாம். உங்களுக்கு அதிகாரமும் இல்லையாம். அதனால அது சேவையில சேராதாம்."

அதிகாரம் இல்லை என்பது உண்மை. அலுவலகம் இல்லை என்பதும் உண்மை. முத்திரை, நோட்டுப் புத்தகம், சீருடை எதுவுமே என்னிடம் இல்லை. ஆனால் என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தராசுகளைச் சோதித்தவன் நான். அவற்றில் எதைச் சோதிப்பதற்காக நான் பிறந்தேன் என்று கேட்டால், அதிகாரமே இல்லாத அந்த ஒரு நாளில் சோதித்த அந்த ஒரு தராசைத்தான் சொல்வேன். அதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுவதானால் மிச்சமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுமதி எழுந்து போகும்போது ஒன்று கேட்டார். இப்போதைய தராசில் எண் விழுகிறது, தப்பென்றால் கருவியே சொல்லிவிடுகிறது. வெறும் குச்சியில் தொங்கிய தராசில் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. கேட்கத் தெரிந்த கேள்வி. அவருக்காகத்தான் இதை மறுபடி எழுதுகிறேன்.

சண்டைக்கு மூன்று ஆண்டு முன்பு, பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் மேலாளர் செக்கேரா. மலாக்காவின் போர்த்துகீசிய வம்சத்துக்காரர், அடர்ந்த மீசை, காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, துண்டில் துடைத்து, விரல்களை விசிறி உலர்த்திய பிறகுதான் பித்தளை மூலக்கற்களின் பெட்டியைத் திறப்பார். வியர்வைக்கும் எடை உண்டு என்பார். மற்ற எல்லாப் படிக்கற்களும் சரியா தப்பா என்று சொல்கிற மூலக்கற்கள் அவை. எங்களை ஒரு தராசை மூன்று இடத்தில் சோதிக்க வைப்பார்: காலியாக, பாதிச் சுமையில், முழுச் சுமையில். காலியில் சரியாக நின்ற தராசை அப்படியே தேறியது என்று எழுதிக்கொண்டு போனால் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார். திட்ட மாட்டார். திட்டு இல்லாமல் தாள் துண்டுகளை வாங்கிக்கொள்வது திட்டு வாங்குவதைவிட மோசம். அவர் மனப்பாடம் செய்ய வைத்தவற்றில் ஒன்று, ஒரு கேலன் தண்ணீரின் எடை பத்து ராத்தல் என்பது. பத்து ராத்தல் என்றால் ஏழரைக் கட்டி. அந்தக் காலத்தில் இங்கே எல்லாமே கட்டிக் கணக்குத்தான். அரிசி, மீன், வெங்காயம், ஆணி.

அதற்குமேல் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளில் சுற்றினேன், கற்றுக்கொண்டேன்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அலுவலகத்தை மூடினார்கள். ஒரு லாரி வந்து நின்றது. பித்தளை, செம்பு எல்லாவற்றையும் உருக்குவதற்கு எடுத்துப் போனார்கள். மூலக்கற்களின் பெட்டியை நானும் செக்கேராவும்தான் தூக்கிக் கொடுத்தோம். எடுத்துப் போனதற்குக் கணக்கு எழுத வேண்டுமே, அதற்காக அவற்றை எடை போட்டார்கள். எதில் தெரியுமா? சந்தையிலிருந்து பிடுங்கி வந்த ஒரு மீன்காரரின் தராசில். மலாக்கா முழுவதற்கும் எடை சொன்ன கற்களுக்கு ஒரு மீன் தராசு எடை சொன்னது. அதுவும் தப்பாகச் சொன்னது. செக்கேரா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அவர் அன்றோடு கடலுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். அன்று பேசாமல் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிந்தும் கூசுகிறது.

கொஞ்ச நாளில் காஜா பேராங்கில் இருந்த பங்கீட்டுக் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. சுற்று வட்டாரத்துக் குடும்பங்களுக்கு அட்டைக்கு இவ்வளவு என்று அரிசி நிறுத்துக் கொடுக்கிற இடம். கிடங்கில் தராசைப் பராமரிப்பது என் வேலை. தினமும் காலையில் சோதித்து, தராசின் கோலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் தராசு சரி என்று பொருள்.

கிடங்குக்கு மேலாளர் துரைசாமிக் கிராணி. முன்பு தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர், அதனால் கிராணி. அவரை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி ஆளை மக்கள் தப்பாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கத்துவார், அடிப்பார் என்று நினைப்பார்கள். துரைசாமி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வயதில் சிறியவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். யாருக்கும் எதையும் செய் என்று சொல்ல மாட்டார். "இப்படிச் செஞ்சா நல்லாயிருக்குமில்ல" என்று சொல்லி, நம் பதிலுக்குக் காத்திருப்பார். தன் புகையிலைப் பொட்டலத்தை நம் பக்கம் நகர்த்துவார். வெள்ளைக்காரத் துரைக்கு எவ்வளவு குனிந்தாரோ அதே அளவு ஜப்பானிய அதிகாரிக்கும் குனிவார், ஓர் அங்குலம் கூடவோ குறையவோ இல்லாமல். அவர் மேசையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்போதெல்லாம், காஜா பேராங்கிலிருந்து யார் போவது என்ற பட்டியலை அந்தப் பென்சிலால் அவர்தான் எழுதினார். போனவர்களில் யாரும் அதுவரை திரும்பி வரவில்லை.

ஒருநாள் மாலை மக் நாகம்மா என் வீட்டுக்கு வந்தார். மக் என்பது மலாயில் அம்மா. செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பைச் சேர்ந்தவர். மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள், நம் பெயர்களையே வைத்துக்கொள்கிறவர்கள். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. கணவர் இருமலோடு படுத்திருந்தார். வீட்டில் ஏழு வாய். முந்தானை முடிச்சில் அன்று வாங்கிய பங்கீட்டு அரிசியும் கையில் ஒரு கொட்டாங்கச்சி அளவையும் கொண்டு வந்திருந்தார். என் மனைவி பாக்கியம் முறத்தை எடுத்துக் கொடுத்தாள். நாகம்மா அதில் அளந்து அளந்து கொட்டினார். ஒரு கட்டி அரிசி என்றால் தன் கொட்டாங்கச்சிக்கு எத்தனை என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியும். கொட்டி முடித்து, வெறும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தார்.

"இனி கட்டி சுடா குருஸ், தம்பி," என்றார்.

இந்தக் கட்டி மெலிந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மூன்று மாதமாக என்றார். நீதானே தினமும் கோடு போடுகிறாய், அதனால்தான் உன்னிடம் கேட்க வந்தேன் என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் மூன்று மாதமாக நான் காலித் தட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூலக்கற்கள்தான் இல்லையே, சுமை வைத்துச் சோதிக்க வழியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். செக்கேரா கிழித்துக் கொடுத்த தாள்களெல்லாம் ஞாபகம் வந்தன.

மறுநாள் தராசை ஒழுங்காகப் பார்த்தேன். சுமதி கேட்டதால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். அது டாச்சிங் என்று இங்கே சொல்கிற கோல் தராசு. நீண்ட மரக்கோல். ஒரு நுனியில் தட்டு தொங்கும். அதற்கு நாலு விரல் தள்ளி ஒரு கயிறு. அந்தக் கயிற்றில்தான் முழுத் தராசும் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மீதிக் கோல் முழுவதும் பித்தளைப் புள்ளிகள். அதன்மேல் ஓர் இரும்புக் குண்டு முன்னும் பின்னும் நகரும். தட்டில் அரிசியைக் கொட்டி, கோல் சாயாமல் நேராக நிற்கும்வரை குண்டைத் தள்ளினால், குண்டு நிற்கிற புள்ளிதான் எடை. கனமான சுமை கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சின்னக் குண்டு தூரத்தில் இருக்கிறது. தள்ளி நிற்கிற தூரம்தான் குண்டுக்குப் பலம். அதனால் குண்டை இலேசாக்கிவிட்டால், அதே அரிசியைத் தூக்கி நிறுத்த அது இன்னும் தள்ளிப் போய் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கூடுதல் எடை காட்டும். ஏழரைக் கட்டி அரிசியை எட்டரை என்று சொல்லும்.

குண்டை மட்டும் இலேசாக்கினால் காலித் தட்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்காகத் தட்டையும் மாற்றியிருந்தார்கள். பழைய தட்டின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. இதில் இல்லை, தகடும் மெல்லியது. குண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு மசகு பூசியிருந்தது. நகத்தால் கீறினால் இரும்பு வரவில்லை, டாமார் பிசின் வந்தது. உள்ளே குடைந்து எடுத்துவிட்டுப் பிசினால் அடைத்திருந்தார்கள். வேலை தெரிந்த ஒருவன் செய்த வேலை. அந்த மிச்ச அரிசி எங்கே போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளச் சந்தையில் அரிசி இல்லாத நாளே கிடையாது.

நேராகத் துரைசாமியிடம் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. புகையிலைப் பொட்டலத்தை நகர்த்தினார். நான் தொடவில்லை.

"தட்டு சும்மா இருக்கும்போது கோல் நேரா நிக்குதுங்களா, தம்பி?"

நிற்கிறது என்றேன்.

"அப்ப தராசு சரிதானே. நீங்க படிச்சவங்க. ஊர்ல யாரோ புகார் பண்ணியிருக்காங்க போல. திங்கக்கிழமை அதிகாரி வர்றாரு. தராசு சரின்னு ஒரு தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டா நல்லாயிருக்கும். வெள்ளைக்காரன் ஆபீசுல இருந்த ஆளுன்னு உங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். உங்கள் வீட்டில் முழுகாமல் இருக்கிறார்களாமே, எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார். ஆறு என்றேன். இந்த மாதிரி நேரத்தில் ஆண்பிள்ளை வீட்டோடு இருப்பது நல்லது என்றார். அவ்வளவுதான். சயாம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை.

பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஒளித்து என்ன, அப்படித்தான் சொன்னாள். பக்கத்து வரிசையில் மூன்று வீட்டில் ஆண்கள் போய்விட்டார்கள், அந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றாள். நான் கோபத்தில் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் பேசினேன். மூன்று மாதமாக என் கோட்டை நம்பி ஏமாந்தவர்களில் நீயும் ஒருத்தி என்றேன்.

கையெழுத்துப் போடாமல் இருப்பது ஒன்று, தராசு தப்பு என்று நிரூபிப்பது வேறொன்று. கையில் ஒரு மூலக்கல்கூட இல்லை. அப்போதுதான் அந்த ஒரு கேலன் தண்ணீர் நினைவுக்கு வந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை, ஒரு கேலன் என்று நம்பக்கூடிய அளவைதான் வேண்டும். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கள்ளுக்கடை இருந்தது. அங்கே கள் ஊற்றுகிற அரைக் கேலன் செம்பு அளவைக்கு நானே என் கையால் முத்திரை குத்தியிருந்தேன். செம்பை ஒளித்து வைப்பதே அப்போது குற்றம். சனிக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தோண்டி எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மரவள்ளி இலைக் கட்டுக்குள் சொருகி, காவல் சாவடியில் இறங்கிக் குனிந்து வணக்கம் சொல்லி, வீடு வந்து சேர்ந்தேன். குனிந்தபோது இலைக் கட்டு நழுவியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அடுத்த சிக்கல் அதைக் கிடங்குக்குள் கொண்டுபோவது. வேலையாட்களை வாசலில் தடவிப் பார்ப்பார்கள். அதை யோசித்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் அந்த அளவையை எடுத்து எங்கள் தண்ணீர்க் குடத்துக்குள் இறக்கிப் பார்த்தாள். சரியாக இறங்கியது. வரிசையில் நிற்கும் பெண்கள் குடம் கொண்டுவந்தால் யாரும் கேட்பதில்லை என்றாள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. நான் அவளை அழைக்கவில்லை. அவளாகவேதான் வந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். வரிசை சாலை வரைக்கும் நின்றது. மக் நாகம்மா முன்னால் நின்றார், அவருக்குப் பின்னால் பாக்கியம், இடுப்பில் குடம். அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் மலாயில் மொழிபெயர்க்கிற ஒருவர். துரைசாமி தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்து, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று மைப் புட்டியின் மூடியையும் திறந்து வைத்தார்.

நான் மேசைக்குப் போகவில்லை. தராசிடம் போனேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்கள் முறைப்படி சோதிக்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். அதிகாரி கையசைத்தார். அவருக்கு அது சடங்கு மாதிரித் தெரிந்திருக்கும். ஒரு வெற்று மண்ணெண்ணெய் டின்னைத் தட்டில் வைத்துக் குண்டைத் தள்ளினேன். இரண்டு கட்டி. சத்தமாகச் சொன்னேன். பாக்கியம் வரிசையிலிருந்து வெளியே வந்து குடத்தைக் கீழே வைத்தாள். நான் அளவையை எடுத்து, குடத்துத் தண்ணீரை மொண்டு, விளிம்புவரை நிரப்பி டின்னில் ஊற்றினேன். மறுபடியும் ஒன்று. ஒரு கேலன். குண்டைத் தள்ளினேன். கோல் ஆடியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். பத்தரையில் நின்றது.

டின்னின் எடை போக எட்டரை. இந்தத் தண்ணீர் ஏழரைக் கட்டிதான் இருக்க வேண்டும், தராசு ஒரு கட்டி கூட்டிச் சொல்கிறது, மூன்று மாதமாக இதில்தான் எல்லாருக்கும் அரிசி நிறுத்தோம், சோதிக்காமல் கோடு போட்டது என் தப்பு என்றேன். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் இரண்டு தடவை சொன்னேன்.

துரைசாமி குரலை உயர்த்தவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தில் போய், எனக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். அந்த அளவையில் வெள்ளைக்கார ராஜாவின் கிரீட முத்திரை இருக்கிறது, எதிரியின் அளவையை வைத்து இவன் ராணுவத்தின் தராசைப் பொய்யென்கிறான் என்பதுதான் அவர் சொன்னது. கெட்டிக்காரர்தான். அதிகாரி எழுந்து வந்தார். அளவையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கண்ணாடிக்காரர், ஒல்லியான ஆள் என்று நினைத்தேனே, காது அடைத்துப் போயிற்று. பாக்கியத்தின் பக்கம் பார்க்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"முத்திரை யாருடையதா இருந்தாலும் தண்ணி தண்ணிதான்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம். "அவரோட அளவையில அவரே ஊத்திப் பார்க்கட்டும்."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு வண்டியோட்டியைக் கூப்பிட்டு ஏதோ உத்தரவிட்டார். வண்டியிலிருந்து, சாக்கே என்கிற அவர்களுடைய அரிசி மதுவின் பெரிய போத்தல் ஒன்று வந்தது, காலியாக. அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: அந்தப் போத்தல் அவர்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அளவு. அது நிறையத் தண்ணீர் பிடித்தால் அவர்கள் கணக்கில் மூன்று கின். ஒரு கின் என்பது நம் கட்டிக்குக் கிட்டத்தட்டச் சமம். எனக்கு ஏழரை மாதிரி, அவருக்கு மூன்று.

காலிப் போத்தலை அவரே தட்டில் வைத்தார். என்னைத் தள்ளிவிட்டுக் குண்டை அவரே நகர்த்திப் புள்ளியைப் பார்த்துக்கொண்டார். தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி மறுபடி வைத்தார். குண்டு மூன்றைத் தாண்டிப் போயிற்று. மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் முறை செய்தார். அதே இடம். வரிசையில் அத்தனை பேர் இருந்தும் உத்தரத்துக் கயிறு கிறீச்சிடுவது கேட்டது.

அவர் திரும்பித் துரைசாமியை அறைந்தார். ஒரு தடவையல்ல. துரைசாமி ஒவ்வொரு அறைக்கும் குனிந்து நிமிர்ந்தார். பிறகு என்னிடம் வந்து என்னையும் இரண்டு அறை விட்டார். உள்ளே வந்து தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், ஜனங்களுக்கு முன்னால் செய்தது தப்பு என்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

ஜனங்களுக்கு முன்னால்தான் குறைத்துக் கொடுத்தோம் என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனிதர்.

சுத்தியல் கொண்டுவரச் சொல்லி, துரைசாமியின் கையாலேயே குண்டை உடைக்க வைத்தார்கள். நாலாவது அடியில் பிளந்தது. கறுத்த பிசின் கட்டியாக வந்து தரையில் விழுந்தது. மக் நாகம்மா குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போயிற்று. அன்று வேறொரு தராசு வரவழைத்து, அதையும் தண்ணீரால் சோதித்து, அதன் பிறகுதான் அரிசி போட்டோம். செம்பு அளவையை ஜப்பான்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். கள்ளுக்கடைக்காரர் பெயரைக் கேட்டார்கள். பழைய அலுவலகத்தில் கிடந்தது என்றேன்.

துரைசாமியை வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எடுக்கவில்லை. அவ்வளவு நன்றாகக் குனியத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேறு கிடைக்கவில்லை போலும். இரண்டு வாரம் கழித்துச் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

நான் போகவில்லை. வரிசையில் அன்று நின்றிருந்த ஒரு சீனர், செங் என்ற ஊரைத் தாண்டிக் காட்டோரத்தில் மரவள்ளி போட்டிருந்தவர், பட்டியல் வந்த அன்றே என்னைத் தேடி வந்து, சாணி கொண்டுபோகும் மாட்டுவண்டியில் கூடைகளுக்கு அடியில் என்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். சண்டை முடியும்வரை இரண்டு வருஷம் அங்கே மரவள்ளிதான் நட்டேன், மரவள்ளிதான் தின்றேன். பாக்கியத்தின் அட்டையைத் துரைசாமி நிறுத்திவிட்டார். அவள் பிரசவம் மக் நாகம்மா வீட்டில் நடந்தது. அந்த வீட்டின் ஏழு வாய் ஒன்பதாயிற்று. பங்கீட்டு நாளில் பெண்கள் கிடங்கிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டுப் போவார்களாம். பாக்கியம் இதைச் சொல்லும்போதெல்லாம் 'சரியான கட்டியிலிருந்து ஒரு பிடி' என்றுதான் சொல்வாள். மகளை நான் முதலில் பார்த்தபோது அவள் நடந்து வந்தாள்.

அலுவலகம் மறுபடி திறந்தது. செக்கேரா திரும்பி வந்து, கைகழுவி, விரல்களை விசிறி உலர்த்திவிட்டுப் புதுக் கற்களின் பெட்டியைத் திறந்தார். அவரிடம் நான் கேலன் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, பாதிச் சுமையில் மட்டும் சோதித்திருக்கிறாய், முழுச் சுமையில் சோதித்தாயா என்றார். இல்லை என்றேன். இருந்தாலும் அன்று என் கையில் தாளைக் கிழித்துக் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு செமாபோக் பக்கம் கடைகளைச் சோதிக்கப் போனேன். ஒரு மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் துரைசாமி உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். உடன் வந்திருந்த உதவியாளருக்கு இந்தக் கதை தெரியும். அவர் பறிமுதல் புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தே வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க, தம்பி," என்றார் துரைசாமி, அதே குரலில். "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா உங்களுக்கும் கஷ்டமில்ல, எனக்கும் கஷ்டமில்ல."

"இன்னைக்கும் அதே தராசா இருந்தா போட மாட்டேன், கிராணி ஐயா," என்றேன்.

அவர் தராசைக் கயிற்றில் மாட்டினேன். தட்டு பழையது, அதற்கே உரியது. குண்டின் அடியைக் கீறிப் பார்த்தேன், இரும்பு. காலியில் நின்றது. பாதிச் சுமையில் நின்றது. முழுச் சுமையை ஏற்றி, கோலின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தேன். ஒரு புள்ளி கூடுதலாகக் காட்டியிருந்தாலும் போதும். அன்று எனக்கு எல்லா அதிகாரமும் இருந்தது, வாசலில் பார்ப்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். மனதுக்குள் அந்த ஒரு புள்ளிக்காக நான் ஆசைப்படவில்லை என்று சொன்னால் பொய். குண்டு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. உதவியாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன்.

தராசு சரி என்று தாளில் எழுதினேன். என் பெயரை, அப்பா பெயரோடு, முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். என்னிடமிருந்து ஒரு கையெழுத்தை வாங்க துரைசாமிக்கு மூன்று ஆண்டு காத்திருப்பும் ஒரு நேர்மையான தராசும் தேவைப்பட்டன.